நீரோடியில் ஒரு பவளத்துண்டு

மார்த்தாண்டத்திலிருந்து கொல்லங்கோடு வழியாக நீரோடிக்குப் போனேன். தமிழ்நாட்டின் கடைசி ஊர். மணலில் கொஞ்சம் நடந்தால் பொழியூர், கேரளம். அலைத் தடுப்புக்குக் கொட்டிய கருங்கற்களைத் தாண்டுவதற்குள் செருப்பு வார் அறுந்துவிட்டது.

கரையில் ஒரு பாட்டா வலையில் சிக்கிய கல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "பாருக்க மேல போச்சு மக்களே." கடலடிப் பாறைத்திட்டுக்கு இங்கே பார் என்று பெயர். கரையில் தெரியும் அடையாளங்களை நேர்கோட்டில் வைத்து அது இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்குக்குக் கணிச்சம் என்பார்கள். அன்றைக்குக் கணிச்சம் கொஞ்சம் பிசகியிருக்கும்.

கல்லை வாங்கிப் பார்த்தால், பவளம். பையில் நகைக்கடை லென்ஸ் இருந்தது. குண்டூசித் தலை அளவுக் குழிகள், ஒவ்வொன்றிலும் நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள். கண்ணைச் சுருக்கி மூன்று தடவை எண்ணினேன்: 12. ஆறின் இருமடங்கு.

இன்றைய கல் பவளங்கள் ஆறின் கணக்கில் உடம்பைக் கட்டுபவை. அதற்கு முன் நான்கின் கணக்கில் வளர்ந்த ரூகோசா என்ற கூட்டம் இருந்தது. அவற்றின் மேல் நாளுக்கு ஒன்றாக விழுந்த வளர்ச்சிக் கோடுகளை எண்ணித்தான் 1963இல் பவள ஆய்வாளர் ஜான் வெல்ஸ், சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய டெவோனியன் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 400 நாள் என்றார். பூமி அப்போது வேகமாகச் சுழன்றிருக்கிறது! சுமார் 25 கோடி ஆண்டுக்கு முந்தைய பேரழிவில் ரூகோசா அடியோடு போய்விட்டது. அப்புறம் சுமார் 24 கோடி ஆண்டுப் பாறைகளில் ஆறு கணக்குக்காரர்கள் தெரியவருகிறார்கள். இவர்களின் தொடக்கம் அதைவிடப் பழசு என்கிறது மரபணு ஒப்பீடு.

பவளத்தில் முகத்தைப் பார்த்து உறவு சொல்ல முடியாது. ஒரே இனம் அலையடிக்கும் இடத்தில் கட்டையாகவும் அமைதியான நீரில் நீளக் கிளையாகவும் வளரும். அச்சு அசலாக இருக்கும் இரண்டு, டிஎன்ஏவில் வேறு வேறு இனமாக இருக்கும். கிளைப் பவளம் உடைந்து விழுந்த இடத்தில் ஒட்டி வளர்ந்தால், ஒரு புதரே ஒற்றை உயிரின் நகல்தான். சூடு தாங்காத நகல் என்றால் புதர் மொத்தமும் வெளுக்கும். முட்டையும் விந்தும் கடலில் கலந்து பிறக்கும் குஞ்சுகளில்தான் விதவிதமான கலவை கிடைக்கும்.

வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைதான். ஆனால் 2001 முதல் கல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தேன்.

"இது உயிரு பாட்டா, கல்லு இல்ல."

"உயிரா? பின்ன எனக்க வலைய ஏன் கிழிச்சுது?" கடலில் வீசினார். "நல்லா எண்ணுதியே, எத்தன கண்ணி போச்சுன்னு எண்ணிச் சொல்லு."

உட்கார்ந்து எண்ணினேன். 23.