வாடகை ஏறாத வீடு

"அமெரிக்காவுல என்னத்தா வேல பாக்குற?" என்று மதுரை செல்லூரில் யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: "வீட்டு வாடகை ஏறாமப் பாத்துக்கிற வேல." சிவில் படித்தவள் பாலம் கட்டுகிறேன் என்று சொல்லியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும்.

தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்து, கல்யாணமாகிக் கலிபோர்னியா போனேன். கணவர் விசாவில் போனவர்களுக்கு அப்போது வேலை பார்க்க அனுமதியில்லை. கிரீன் கார்டு வந்தபின் கிடைத்தது, லாப நோக்கமில்லாமல் வீடு கட்டி வாடகைக்கு விடும் ஓர் அமைப்பில் விண்ணப்பம் சரிபார்க்கும் வேலை. சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், ஜீவனாம்சம் எல்லாவற்றையும் கூட்டி, வருமானம் வரம்புக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஹோட்டலில் அறை துடைக்கும் ஓர் அம்மா சீசனில் ஓவர்டைம் பார்த்திருப்பார். அதை அப்படியே வருஷத்துக்குப் பெருக்கினால் வரம்பு தாண்டிவிடும். ஓவர்டைம் சீசனுக்கு மட்டும்தான் என்று அவர் முதலாளியிடம் எழுதி வாங்கி ஃபைலில் வைத்தால் வீடு. அந்த ஒரு கடுதாசிக்காக நாயாய் அலைந்திருக்கிறேன்.

அமெரிக்க அரசாங்கம் ஏழைகளுக்குச் சும்மா வீடு கொடுக்கிறது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. அப்படியில்லை. 1986-ல் வந்த வரிச்சலுகைதான் இன்று பெரிய வழி. வருமானம் குறைந்தவர்களுக்கு வாடகை வீடு கட்டுகிறவருக்கு வரிக்கழிவு ஒதுக்குவார்கள். பேங்குகள் அதை வாங்கிக்கொண்டு முதல் போடும், 10 வருஷத்தில் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும். பதிலுக்கு, குறைந்தது 30 வருஷம் வாடகைக்கு உச்சவரம்பு; கலிபோர்னியாவில் 55. இதில் ஓட்டையும் உண்டு. அந்த வரம்பு வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தை வைத்துப் போடுவது, குடியிருப்பவரின் சம்பளத்தை வைத்து அல்ல. வேலை போனால் வாடகை குறையாது. வருமானத்தில் சுமார் 30 சதவீதம் கட்டினால் போதும் என்கிற உதவி தனி. அதற்குப் பல ஊர்களில் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

பல குடும்பம் வாடகைக்கு ஒட்டியிருந்து ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் வளவில் வளர்ந்த எனக்கு, மதுரைக்கு வந்தால் உறுத்துவது வேறு. நம் ஊரில் திட்டம் என்றாலே சொந்த வீடு. 2015-ல் வந்த பிரதமர் வீட்டுத் திட்டத்தில் தானே கட்டிக்கொள்ள மானியம் வேண்டுமென்றால் மனை இருக்க வேண்டும். அடுக்குமாடியில் ஒதுக்கினால் பெரும்பாலும் ஊருக்கு வெளியே. தறி வேலைக்குப் பஸ் ஏறி வரணும். வளவில் வாடகையிலேயே காலம் தள்ளும் குடும்பத்தை யார் பெரிதாக நினைக்கிறார்கள்?

அவர்களுக்கு இருக்கிற ஒரே தப்பிப்பு ஒத்தி. மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். வரும் என்பதற்கு எழுத்துதான் பிடிமானம். 100 ரூபாயோ அதற்கு மேலோ ஆன ஒத்தியைச் சட்டப்படி பதிய வேண்டும். நடப்பில் சாதாப் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்தோடு முடித்துவிடுகிறார்கள்.

சித்தி இப்போது ஆனையூர்ப் பக்கம் ஒத்திக்கு வீடு பார்த்திருக்கிறார்.

"வில்லங்கம் போட்டுப் பாத்தீகளா சித்தி?"

"வீட்டுக்காரரு தங்கமான மனுசன்த்தா."

"தங்கமான மனுசன் பேங்க்ல அடமானம் வச்சிருந்தா?"

வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். சர்வே நம்பர் கேட்டு அனுப்பியிருக்கிறேன். பதிவுக்கு அந்த மனுசர் சம்மதித்தால் அட்வான்ஸ், இல்லையென்றால் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான்.