19 வயசு பையன எங்க ஆட விடணும்?

அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏல, டீமுங்க புது பசங்கள வரிசையா தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட் ஒவ்வொரு வருஷமும் முடிஞ்ச மறுநாளே இந்த சண்டை ஆரம்பிச்சிடும். எடுத்த பையன நேரா ஸ்டார்ட்டிங் ஃபைவ்ல, அதாவது முதல்ல இறங்குற அஞ்சு பேர்ல போடுங்கன்னு பாதி பேரு, இல்ல இல்ல ரெண்டு வருஷம் பெஞ்ச்ல உக்காந்து சீனியர்ஸ பாத்து கத்துக்கட்டும்னு மீதி பேரு. ரெண்டு கோஷ்டியும் கையில உதாரணம் வச்சிருப்பாங்க, ரெண்டுமே உண்மையாவும் இருக்கும், அப்புறம் எப்படி சண்டை முடியும்.

என் கட்சி இதுதான். எத்தன நிமிஷம் ஆடுறான்ங்கறத மட்டும் எண்ணிட்டு இருந்தா ஒண்ணும் புரியாது, அந்த நிமிஷத்துல அவனுக்கு என்ன வேலை குடுத்திருக்காங்க, அவன் சொதப்பினா என்ன நடக்குதுன்னு பாக்கணும். சொதப்பினா மேட்ச்ல அது வலிக்கணும், ஆனா அதுக்காக அவன் எடம் பறிபோகக் கூடாது. இந்த ரெண்டும் ஒரே எடத்துல கிடைக்கிறது ரொம்ப அபூர்வம், அதான் பிரச்சனையே.

முதல்ல பெஞ்ச் கோஷ்டி. டார்கோ மிலிசிச்ச மறக்க முடியுமா? 2003 டிராஃப்ட்ல லெப்ரானுக்கு அடுத்து ரெண்டாவதா போனவர், பின்னாடி பெரிய ஸ்டார் ஆன கார்மெலோ, பாஷ், வேட் மூணு பேரும் இவருக்கு அப்புறம்தான். டெட்ராய்ட் அப்போ பயங்கரமான டீம், அடுத்த வருஷமே சாம்பியன் ஆனாங்க. அந்த சீசன்ல டார்கோ ஆடுன மேட்ச்ல கூட சராசரியா 5 நிமிஷம் தேறல. நல்ல டீம், நல்ல சீனியர்ஸ், சாம்பியன் மோதிரம் கூட கிடைச்சுது, ஆட்டம் மட்டும் வரல. டார்கோகிட்ட வேற குறைகளும் இருந்திருக்கலாம், எல்லாத்தையும் பெஞ்ச் தலையில கட்ட மாட்டேன். ஆனா ஜெர்மெய்ன் ஓ'நீல் கதைய பாத்தா பெஞ்ச் மேல இன்னும் கோவம் வரும். 1996ல ஸ்கூல்ல இருந்து நேரா வந்தவர், போர்ட்லண்ட்ல 4 வருஷம் பெரும்பாலும் பெரிய ஆளுங்களுக்கு பின்னாடி உக்காந்தே போச்சு. 2000ல இண்டியானாவுக்கு மாத்துனாங்க, போன உடனே ஸ்டார்ட்டர், 2002ல மோஸ்ட் இம்ப்ரூவ்ட் பிளேயர், அந்த வருஷத்துல இருந்து வரிசையா 6 தடவ ஸ்டாருங்க ஆடுற ஆல்ஸ்டார் மேட்ச்சுக்கு தேர்வு. அந்த 4 வருஷம் பெஞ்ச்ல கத்துக்கிட்டதுனாலதான் இது நடந்துச்சுன்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அது சமாதானம் மாதிரிதான் படுது. ரெண்டாவது வருஷமே எங்கயாவது ஒழுங்கா ஆட விட்டிருந்தா?

பாத்து கத்துக்கறதுக்கு ஒரு எல்லை இருக்கு. எங்க அது முடியுதுன்னு சொல்றேன். ஒரு 20 வயசு கார்டு (பந்த நடத்துற ஆள்) ஸ்கிரீன் வாங்கிட்டு, அதாவது கூட ஆடுறவன் சுவர் மாதிரி நின்னு எதிராளிய மறிக்க, உள்ள திரும்புறான்னு வைங்க. அவன கார்டு பண்ணவன் (தடுக்க நின்னவன்) ஸ்கிரீன்ல மாட்டி முதுகுக்கு பின்னாடி வந்துட்டு இருக்கான், எதிர் டீம் சென்டர் (ரிங்க காக்குற உயரமான ஆள்) மேல ஏறி வராம ரிங் பக்கமா பின்வாங்கி நிக்கிறான். இப்போ அவசரப்பட்டு ஓடக் கூடாது, பின்னாடி வர்றவன முதுகுலயே தேக்கி வச்சுக்கிட்டு ஒரு டிரிபிள் நிதானமா போடணும், அப்போதான் நம்ம சென்டர் ரிங்குக்கு ஓட நேரம் கிடைக்கும். அந்த சென்டர தடுக்க எதிர்ப்பக்க கார்னர்ல இருக்கறவன் ரெண்டு அடி உள்ள வருவான், வந்தா கார்னருக்கு பாஸ். சரி, இது வரைக்கும் வீடியோ பாத்தே கத்துக்கலாம். அடுத்த தடவ அதே ஆள் உள்ள வர்ற மாதிரி தோள மட்டும் ஆட்டிட்டு கார்னருக்கே திரும்பிடுவான், பந்து நேரா அவன் கைக்கு போகும், அந்தப் பக்கம் ஓடிப்போய் ஈசியா ஒரு லேஅப் ஸ்கோர். இந்த ஏமாத்து பிராக்டிஸ்ல வராது, ஏன்னா அங்க ஏமாத்தறதுக்கு யாருக்கும் அவசியம் இல்ல. நாலு தடவ பந்த பறிகுடுத்து, டைம்அவுட்ல கோச் கத்தி, திரும்ப அதே பையன் கையிலயே பந்து வந்தாதான் அந்த அரை செகண்ட் கண்ணுல பதியும்.

அப்போ தூக்கி ஸ்டார்ட்டிங் ஃபைவ்ல போட்டா சரியாப்போச்சான்னு கேட்டா, அதுவும் இல்ல. 2015ல ஃபிலடெல்ஃபியா மூணாவதா ஜலீல் ஓகாஃபர எடுத்தாங்க. அந்த டீம் அந்த சீசன்ல 82 மேட்ச்ல 10 தான் ஜெயிச்சுது, ஓகாஃபர் சராசரி 17.5 பாயிண்ட், முதல் வருஷ பிளேயருங்கள்ல, அதாவது ரூக்கிங்கள்ல, சிறந்தவங்க லிஸ்டான ரூக்கி ஃபர்ஸ்ட் டீம்ல எல்லாம் வந்தாரு. பேப்பர்ல சூப்பர். ஆனா பந்த உள்ள வாங்கி முதுகு காட்டி ஸ்கோர் பண்றது அவருக்கு ஏற்கனவே தெரிஞ்ச வேலை, கத்துக்க வேண்டியது டிஃபென்ஸ், தோத்துட்டே இருக்கிற டீம்ல டிஃபென்ஸ் வரலன்னு யாரு அழப்போறாங்க. ரெண்டே வருஷத்துல வழக்கமா ஆட இறக்குறவங்க லிஸ்ட்லயே ஆள் இல்ல, 2017 டிசம்பர்ல புரூக்ளினுக்கு அனுப்பிட்டாங்க. ஆட்டம் முடியுறதுக்கு முன்னாடியே தோத்துட்ட டீம்ல 30 நிமிஷம் ஆடுறதும் ஒரு விதத்துல பெஞ்ச்தான்.

இங்க ஒருத்தர் ஓக்லஹோமா டீம உதாரணமா தூக்கிட்டு வருவாரு, வரட்டும். 2021 டிசம்பர்ல மெம்ஃபிஸ்கிட்ட 73 பாயிண்ட் வித்தியாசத்துல தோத்த டீம் அது, என்பிஏ வரலாத்துலயே அதுதான் பெரிய தோல்வி. 2025ல சாம்பியன். தோத்தே வளர்ந்தாங்கன்னு சொல்லலாம், ஆனா அந்த தோல்வி சீசன்லயும் அவங்க மேட்ச் பாத்தவங்களுக்கு தெரியும், லூ டோர்ட் ஆடுன மேட்ச்ல எல்லாம் எதிர் டீமோட பெரிய ஸ்கோரர கார்டு பண்ணிட்டு இருந்தாரு. பசங்களுக்கு என்ன வேலையோ அது சீசன் பூரா மாறல. இந்த டோர்ட்ட 2019ல டிராஃப்ட்ல யாருமே எடுக்கல, என்பிஏ டீமுக்கும் கீழ் லீக்குக்கும் சேர்த்து ஆடுற டூ வே கான்ட்ராக்ட்ல வந்து, என்பிஏவோட கீழ் லீக்கான ஜி லீக்ல ஆடுனவர், அடுத்த வருஷமே பிளேஆஃப்ல ஸ்டார் ஹார்டன கார்டு பண்ணி ஏழாவது மேட்ச்ல 30 பாயிண்ட் அடிச்சாரு.

ஜி லீக் பத்தி கொஞ்சம் விரிவாவே பேசணும். 2001ல 8 டீமோட ஆரம்பிச்சப்போ அது ஏதோ தண்டனை மாதிரிதான் இருந்துச்சு, உன்ன கீழ அனுப்புறோம்னா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். இப்பவும் சாதாரண பயணிகள் ஃபிளைட்லதான் போவாங்க, கூட்டமும் கம்மி. ஆனா 2017ல டூ வே கான்ட்ராக்ட் வந்த அப்புறம் நெலமை மாறிடுச்சு, இப்போ ஒரு டீம் 3 பேர அப்படி வச்சுக்கலாம், அவங்க மேல 50 மேட்ச் வரைக்கும் இருக்கலாம், மீதி நேரம் கீழ ஆடலாம். பாஸ்கல் சியாகம் ரூக்கி சீசன்ல டொரான்டோவுக்காக 38 மேட்ச் ஸ்டார்ட் பண்ணவர், அப்படிப்பட்டவரையே அதே சீசன்ல தங்களோட கீழ் லீக் டீமான ராப்டர்ஸ் 905க்கு அனுப்புனாங்க. மூஞ்ச தூக்கி வச்சிக்காம போய் ஆடுனாரு, 2017ல அந்த லீக் ஃபைனல்ஸோட எம்விபி (சிறந்த பிளேயர்), கப்பும் அவங்களுக்குதான். ரெண்டு வருஷம் கழிச்சு டொரான்டோ ஜெயிச்ச என்பிஏ சாம்பியன்ஷிப்லயும் அவர் இருந்தாரு. ஜோர்டன் பூலும் 2021ல கோவிட்னால எல்லா டீமையும் ஒரே எடத்துல வச்சு நடத்துன ஆர்லாண்டோ பபிள்ல போய் ஜி லீக் ஆடிட்டு வந்த அப்புறம்தான் வேற ஆளா தெரிஞ்சாரு.

இதுல ஒரு கோளாறு இருக்கு, நெறைய டீம் இன்னும் அத கவனிக்கிற மாதிரி தெரியல. கீழ அனுப்புன பையன் மேட்ச்சுக்கு 25 ஷாட் அடிச்சு 30 பாயிண்ட் போடுவான், ரசிகர்கள் எல்லாம் கூப்பிடுங்க கூப்பிடுங்கன்னு கத்துவாங்க, மேல கூப்பிட்டா அவன் வேலை கார்னர்ல நின்னு வர்ற பந்த அடிக்கிறதும், எதிர் டீம் ஸ்டார கார்டு பண்றதும்தான். அத அவன் கீழ செய்யவே இல்லயே? பந்து கையில இல்லாதப்போ என்ன பண்றதுன்னு தெரியாம முழிப்பான், ஒரு வாரத்துல திரும்ப கீழ. மேல என்ன வேலை காத்திருக்கோ அதையே கீழயும் பாதி நேரமாவது குடுக்கணும், கொஞ்சம் போரடிக்கும்தான்.

ஜி லீக்லயே இக்னைட்னு ஒரு டீம் 2020ல ஆரம்பிச்சாங்க, காலேஜ் போகாம சம்பளம் வாங்கிட்டு ஒரு வருஷம் ஆடி டிராஃப்டுக்கு போற பசங்களுக்குன்னு. ஜேலன் கிரீன், குமிங்கா, ஸ்கூட் ஹெண்டர்சன் எல்லாம் அங்கிருந்து வந்தவங்க. நம்ம இந்தியாவோட பிரின்ஸ்பால் சிங் கூட முதல் சீசன்ல இருந்தாரு. காலேஜ்லயே பசங்க தாராளமா சம்பாதிக்கலாம்னு ஆன பிறகு 2024ல மூடிட்டாங்க. எனக்கு பெரிய வருத்தம் இல்ல. எல்லாரும் அடுத்த வருஷம் இருக்கப் போறதில்லன்னு தெரிஞ்ச டீம்ல யாரு யாருக்காக ஸ்கிரீன் வைப்பா?

இந்த விஷயத்துல ஐரோப்பாக்காரங்கதான் பல வருஷமா முன்னாடி இருக்காங்க. லூக்கா டோன்சிச் 13 வயசுல ரியல் மாட்ரிட் போனவர், 16 வயசுல சீனியர் டீம்ல இறங்கியாச்சு, 2018ல 19 வயசுல ஐரோப்பாவோட பெரிய கிளப் போட்டியான யூரோலீக்ல எம்விபி, கப்பும் அவங்களுக்கே. அங்க ஒரு மேட்ச் தோத்தா பத்திரிகை கிழிக்கும், ரசிகர்கள் கிழிப்பாங்க, 30 வயசு ஆளுங்க டிரெஸ்ஸிங் ரூம்ல மொறைப்பாங்க, அப்படியும் கோச் அவர் கையில பந்த குடுத்தாரு. யோகிச் கதை இன்னும் பிடிக்கும். 2014ல 41வது ஆளா டென்வர் எடுத்தாங்க, உடனே கூட்டிட்டு வராம இன்னும் ஒரு வருஷம் செர்பியால மெகா டீம்லயே விட்டாங்க. பெரிய கிளப் இல்ல அது, ஆனா ஆட்டம் அவர சுத்தியே ஓடுச்சு, அந்த சீசன்ல ஏட்ரியாட்டிக் லீக் எம்விபி ஆனாரு. அப்புறம்தான் டென்வர். வெம்பன்யாமாவும் பிரான்ஸ்ல அப்போ யூரோலீக் ஆடிட்டு இருந்த அஸ்வெல் கிளப்ல இருந்து 2022ல மெட்ரோபாலிடன்ஸ் கிளப்புக்கு மாறுனாரு, பேரு கொஞ்சம் சின்னது, ஆனா அங்க டீமே அவர வச்சுதான். 

இதுக்கு நேர் எதிர் ஜேம்ஸ் வைஸ்மன். காலேஜ்ல மொத்தமே 3 மேட்ச், 2020ல கோல்டன் ஸ்டேட் ரெண்டாவதா எடுத்தாங்க, கோவிட்னால புது பசங்க பழகுற சம்மர் லீக்கே நடக்கல, அவரு போய் விழுந்ததோ கர்ரியும் டிரேமண்டும் பல வருஷமா கண்ணால பேசிக்கிற ஒரு ஆட்டத்துக்குள்ள. அதுல சென்டரா ஆடணும்னா யாரு எப்போ எங்க ஓடுவாங்கன்னு மனசுல படம் இருக்கணும். 39 மேட்ச்ல முட்டி போச்சு, அடுத்த சீசன் முழுக்க வெளிய, டீம் அவர் இல்லாமலே சாம்பியன், 2023ல டெட்ராய்ட்டுக்கு போயிட்டாரு. பையன்கிட்ட திறமை இல்லன்னு எழுதுனவங்கள பாத்தா எரிச்சலா வரும். நீச்சல் தெரியாதவன ஆத்து வெள்ளத்துல தள்ளிட்டு ஸ்டைல் சரியில்லன்னு மார்க் போட்ட மாதிரி.

உடம்பு விஷயமும் இருக்கு. 19 வயசுல ஆள் 7 அடி வளந்திருப்பான், எலும்பும் தசைநாரும் இன்னும் அதுக்கு ஈடு குடுக்கப் பழகியிருக்காது, முட்டிக்கு கீழ வர்ற அந்த வலி குதிக்கிற பசங்க நெறைய பேருக்கு பழக்கமான ஒண்ணு. காலேஜ்ல 30 சொச்சம் மேட்ச் ஆடுனவன் திடீர்னு 82க்கு வர்றான். சான் அன்டோனியோ முதல் சீசன்ல வெம்பன்யாமாவுக்கு நடுவுல நிமிஷத்த கட் பண்ணாங்க, அடுத்தடுத்த நாள் மேட்ச் வந்தா ஒண்ணுல உக்கார வச்சாங்க, அதுக்கும் திட்டு வாங்குனாங்க. செட் ஹோம்கிரென் கால்ல அடிபட்டு முதல் சீசன் மொத்தமா போச்சு, யாரும் அவசரப்படுத்தல, அடுத்த சீசன் 82 மேட்ச்சும் ஆடுனாரு.

ஷாட்ட திருத்துறதுக்கு வேற மாதிரி பொறுமை வேணும். கவை லெனர்ட் காலேஜ்ல மூணு பாயிண்ட் 30 சதவீதத்துக்கும் கீழ, சான் அன்டோனியோ வந்து ஷூட்டிங் கோச் சிப் எங்கிலண்ட் கைல பட்ட அப்புறம் ரூக்கி சீசன்லயே 37 தாண்டிட்டாரு. அந்த டீம்ல அவருக்கு வேற பாரம் எதுவும் இல்ல, டிஃபென்ஸ் ஆடு, ஓபனா இருந்தா அடி, அவ்ளோதான். ஷாட்ட மாத்திட்டு இருக்கிற பையன் தலையில டீம் ஸ்கோரிங்கையும் கட்டுனா அவன் பழைய கை பழக்கத்துக்குதான் ஓடுவான்.

இவ்ளோ பேசியும் கடைசியில கோச் நாற்காலிலதான் வந்து நிக்கும். அடுத்த மாசம் வேலை போயிடுமோன்னு இருக்கிற கோச் ரூக்கிய நாலாவது குவார்ட்டர்ல ஏன் இறக்கப்போறாரு? 33 வயசு ஆளதான் இறக்குவாரு, நானா இருந்தாலும் அதான் பண்ணுவேன். மில்வாக்கில கோச் ஜேசன் கிட், பந்த அதுவரைக்கும் பெருசா நடத்தாத யானிஸ் கையில ஆட்டத்த நடத்துற பாயிண்ட் கார்டு வேலைய குடுத்தப்போ அந்த சீசன் 33 வெற்றிதான், ஆனா மேல இருந்து யாரும் கழுத்துல கத்தி வைக்கல. அதனால புதுசா ஒரு பையன எந்த டீம் எடுத்தாலும் நான் அவன் ஹைலைட்ஸ் வீடியோவ பாக்கறதுக்கு முன்னாடி அந்த கோச்சுக்கு இன்னும் எத்தன வருஷ கான்ட்ராக்ட் இருக்குன்னுதான் தேடுறேன், அப்புறம் அந்த டீம்ல இப்போ பந்து யாரு கையில இருக்குன்னு.