'குறிப்பு' கட்டத்தில் எழுதியவை: 61 ஜம்ப் வரை

நேற்று லாக் புக்கை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஸ்கைடைவிங் செய்கிற எல்லோரிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு ஜம்ப்புக்கும் தேதி, விமானம், எத்தனை அடியிலிருந்து குதித்தோம், எந்தப் பாராசூட், எத்தனை விநாடி விழுந்தோம் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம். 61 ஜம்ப் ஆகியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் நான் கிறுக்கி வைத்திருப்பதில் பாதிக்கும் ஆகாயத்துக்கும் சம்பந்தமே இல்லை. 'ஷூ மாற்று', 'ரப்பர் பேண்ட் வாங்கு', 'போனை மாற்றாதே', ஓரிடத்தில் மூன்று ஆச்சரியக்குறியோடு 'ஸ்டெப்னி!!!'. எதற்காக எழுதினேன் என்று மறப்பதற்குள் விரித்து எழுதிவைக்கிறேன்.

ஜம்ப் 1. குறிப்பு: 'விரல்.'

முதல் ஜம்ப்பில் இரண்டு பக்கமும் இரண்டு பயிற்றுநர்கள் பிடித்துக்கொண்டு கூடவே விழுவார்கள். 13,000 அடி. கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்த குளிர்தான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த உயரத்தில் தரையைவிட 25 டிகிரி வரை குளிர் கூடுதலாக இருக்கும் என்று வகுப்பில் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குதித்த பத்துப் பன்னிரண்டு விநாடியில் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரை எட்டி, அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். வயிற்றைப் பிசைகிற உணர்வு எதுவும் இல்லை. கெட்டியான காற்றின் மேல் குப்புறப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். பயிற்றுநர் என் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டினார். வெற்றி என்கிறார் போலும் என்று பல்லைக் காட்டிச் சிரித்தேன். மறுபடி காட்டினார். மறுபடி சிரித்தேன். காலை நீட்டு என்று அர்த்தம். வகுப்பில் பத்துத் தடவை சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து எந்தச் சாதனம் வாங்கினாலும், பதற்றத்தில் கையாள வேண்டியதாக இருந்தால், வாங்கிய அன்றே நாலு தடவை செய்து பார்த்துவிடுகிறேன். தீயணைப்பு சிலிண்டரின் பின்னைக் கழற்றத் தெரியாமல் அதைச் சுவரில் மாட்டி வைத்து என்ன பயன்? தெரிந்தது எல்லாம் தேவைப்படும் நேரத்தில் தெரியாமல் போகும். சிரிப்புதான் வரும்.

ஜம்ப் 6. குறிப்பு: 'ஷூ மாற்று.'

கயிற்றை மாட்டிக் கட்டுகிற இரும்புக் கொக்கி வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். மலையேற்றத்துக்கு என்று ஆசையாக வாங்கியது. விமானத்தில் ஏறும் முன்பே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாராசூட் கயிறு ஒன்று அந்தக் கொக்கியில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் போதும். தொப்பி வைத்த பனியனும் கூடாது. அந்தத் தொப்பி முதுகில் படபடத்துக்கொண்டே இருக்கும். இடுப்புக்குக் கீழே தொங்கும் தொளதொள சட்டையும் கூடாது. இழுக்க வேண்டிய கைப்பிடியை அது மூடிவிடும்.

இதெல்லாம் போய் என் அலமாரியையே மாற்றிவிட்டது. தொங்குகிற நாடா, சும்மா இருக்கிற பக்கிள், அழகுக்கு வைத்த ஜிப், எதைப் பார்த்தாலும் 'இது எங்கே மாட்டும்?' என்றுதான் தோன்றுகிறது. கதவுக் கைப்பிடியில் மாட்டிக் கிழிந்த சட்டைகளை எண்ணிப் பார்த்தால், இந்தக் கேள்வியைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கலாம். வீட்டில் இதைச் சொன்னால் யாரும் மதிப்பதில்லை, அது வேறு விஷயம்.

ஜம்ப் 14 முதல் 20 வரை. குறிப்பு: ஏழு வரிசையிலும் 'பேக்கிங்.'

முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும். வழக்கமாகத் திறப்பது மெயின், அது கெட்டால் ரிசர்வ். மெயின் பாராசூட்டை நாமே மடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் நாள் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சட்டை முழுக்க வியர்வை. காற்றை வெளியேற்ற மேலே படுத்து அமுக்கினால் அந்தப் பக்கம் பிதுங்கும், அந்தப் பக்கத்தை முழங்காலால் பிடித்தால் இந்தப் பக்கம் நழுவும். புதுத் துணி என்றால் இன்னும் மோசம். காற்றே புகாத நைலான், விலாங்கு மாதிரி வழுக்கும். நூறு இருநூறு தடவை மடித்து விரித்த பழைய துணிதான் சொன்ன பேச்சைக் கேட்கும். புதிது என்றால் நல்லது என்ற எண்ணம் எனக்கு உடைந்தது அந்தத் தரையில்தான். இப்போது இருபது நிமிடம் ஆகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் ரப்பர் பேண்ட். மடித்த பாராசூட் ஒரு பைக்குள் போகும். அதன் கயிறுகளை வளைத்து வளைத்து அந்தப் பையின் ஓரத்தில் சாதாரண ரப்பர் பேண்டுகளில் செருகி வைப்போம். முதலில் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. இவ்வளவு விலையுள்ள சாதனத்தில், உயிர் தொங்கும் இடத்தில், ரப்பர் பேண்டா? கெட்டியாக, அறுந்தே போகாத ஒன்றை வைக்கக் கூடாதா? பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "அது அறுந்தாதான் தம்பி நல்லது. கயிறு சிக்கி நின்னுச்சுன்னா ரப்பர் விட்டுக்கொடுக்கணும். அது விட்டுக்கொடுக்கலைன்னா பை திறக்காது. அப்புறம் நீ ரிசர்வைத்தான் இழுக்கணும்." தொளதொளவென்று தளர்ந்து போனாலும் ஆபத்துதான், கயிறெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டிப் பாராசூட் படாரென்று திறக்கும், கழுத்து சுளுக்கும். அதனால் வெளுத்துப் போனதை உடனே மாற்ற வேண்டும். ஒரு கொத்து எப்போதும் என் பையில் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு முறை அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று தடித்த கம்பியாகப் பார்த்துச் சுற்றி வைத்தது நான்தான், 'இனிமேல் போகவே போகாது' என்ற பெருமையோடு. அன்றைக்கே எடுத்து எறிந்தேன். 'உடையவே உடையாது' என்று விளம்பரம் செய்கிற பொருளைப் பார்த்தால் இப்போது, இது உடையாவிட்டால் இதற்குப் பதில் எது உடையும் என்று ஒரு கணம் நிற்கிறேன்.

ஜம்ப் 25. ஏ லைசென்ஸ், அதாவது முதல் படி உரிமம். அமெரிக்கப் பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ. கணக்கில் அதற்குக் குறைந்தது 25 ஜம்ப் வேண்டும். குறிப்புக் கட்டத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்திருக்கிறேன். மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

ஜம்ப் 35. குறிப்பு: 'சொந்தம்!'

வாடகைச் சாதனத்தை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு செட் வாங்கினேன், பழையதுதான். நான் பார்த்தது கலர். நீலமும் ஆரஞ்சும், போட்டோவில் பிரமாதமாக இருந்தது. காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு ரிக்கரிடம் கொண்டுபோனேன். ரிசர்வை மடித்து முத்திரை வைக்கத் தகுதி பெற்றவர் அவர். கலரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரேக் கயிறுகளை விரலால் உருவிப் பார்த்தார், பிசிர் இருக்கிறதா என்று. இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்று இழுத்துப் பார்த்தார். ஸ்பெக்ட்ரா வகைக் கயிறு உராய்வுச் சூட்டில் நாளடைவில் சுருங்குமாம், அதுவும் எல்லாம் ஒரே அளவில் சுருங்காது. துணி வெயிலில் கிடந்ததா என்று கேட்டார். நைலானுக்கு வெயில் எமன். நாம் இழுக்காவிட்டால் ரிசர்வைத் தானே திறந்துவிடும் ஏ.ஏ.டி. கருவியின் தயாரிப்புத் தேதியைப் பார்த்தார். அதற்கும் ஆயுள் உண்டு. கடைசியில் "கயிறு மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு வாங்குங்கள்" என்றார். விற்றவர் முகம் சுருங்கியது, ஆனால் கழித்தார்.

பழைய பொருள் வாங்குவதில் எனக்கு இப்போது ஒரே ஒரு பழக்கம்தான். அந்த விற்பனையால் ஒரு பைசா லாபமில்லாத ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்வது. வண்டிக்கும் அப்படித்தான், வீட்டுக்கும் அப்படித்தான். அந்தக் கூலியை மிச்சம் பிடித்து ஏமாந்த கதை என்னிடம் இரண்டு இருக்கிறது, இரண்டையும் இங்கே சொல்வதாக இல்லை.

விமர்சனங்களைப் படிப்பதிலும் ஒரு மாற்றம். எங்கள் கூட்டத்தில் யாராவது ஒரு சாதனத்தைப் புகழ்ந்தால் முதல் கேள்வி "நீங்க எத்தனை ஜம்ப்?" என்பதுதான். மூவாயிரம் ஜம்ப் போட்டவர் கொண்டாடும் பாராசூட்டை அறுபது ஜம்ப் போட்டவன் கட்டினால் காலை உடைத்துக்கொள்வான். மிக்ஸிக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் எத்தனை நாள் அரைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் போட்டால் நன்றாயிருக்கும்.

ஜம்ப் 41. குறிப்பு: 'போனை மாற்றாதே.'

இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். என் எடை 74 கிலோ, சாதனம் உடுப்பு எல்லாம் சேர்த்து 13 கிலோ. மொத்தம் 87, அதாவது 192 பவுண்டு. என் பாராசூட் 210 சதுர அடி. 192-ஐ 210-ஆல் வகுத்தால் 0.91. இதை விங் லோடிங் என்பார்கள். ஒன்றுக்குள் இருந்தால் பாராசூட் சாது, தப்புச் செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். இதே நான் 170 சதுர அடியில் தொங்கினால் 1.13. வேகம் கூடும், திருப்பினால் சட்டென்று திரும்பும், தரைக்குப் பக்கத்தில் செய்கிற சின்னத் தப்புக்கும் தண்டனை உண்டு. இந்த விளையாட்டின் மோசமான விபத்துகளில் கணிசமானவை பாராசூட் திறக்காமல் நடப்பவை அல்ல. ஒழுங்காகத் திறந்த பாராசூட்டோடு தரையிறங்கும்போது நடப்பவை. அப்படியிருந்தும் எல்லோருக்கும் சின்னதுக்கு மாற வேண்டும் என்ற அரிப்பு. எனக்கும்தான். பக்கத்தில் ஒருவர் 150-இல் சர்ரென்று வழுக்கிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்தால், என்னுடையது மாட்டு வண்டி மாதிரி தெரிகிறது.

அப்போது பயிற்றுநர் கேட்டார், "இப்போ இருக்கிறதுல செய்ய முடியாம போனது எது?" ஒன்றும் சொல்ல முடியவில்லை. குறிவைத்த இடத்தில் பத்துக்கு மூன்று தடவைகூட இறங்கத் தெரியாதவன் நான். அன்று மாலை போன் கடைக்குப் போவதாக இருந்தேன். அதே கேள்வியைப் போனுக்கும் கேட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. போகவில்லை.

கேமராவும் இதே கதைதான். 200 ஜம்ப்புக்கு முன் கேமரா மாட்டிக்கொள்ளாதே என்பது யு.எஸ்.பி.ஏ. அறிவுரை. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது நிம்மதி. கீழே வந்தபின் காட்ட ஒன்றுமில்லை, அதனால் அதிகம் பேசுகிறேன் என்று நண்பர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

ஜம்ப் 47. குறிப்பு: 'ஸ்டெப்னி!!!'

முதுகில் இருக்கும் பையில் இரண்டு பாராசூட். மெயின் கெட்டால் வலது பக்கச் சிவப்புக் கைப்பிடியை இழுத்து அதைக் கழற்றி விட்டுவிட்டு, இடது பக்கக் கைப்பிடியால் ரிசர்வைத் திறக்க வேண்டும். மெயினைக் கழற்றுவது மூன்று வளையங்கள், பில் பூத் கண்டுபிடித்தது. ஒன்றுக்குள் ஒன்று போகும் வளையங்கள். ஒவ்வொன்றும் சுமையைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் ஒரு நூல் வளையம் தாங்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். பேட்டரி கிடையாது. மாதம் ஒரு முறை கழற்றி, நாடாவை வளைத்து நெளித்து மாட்டினால் போதும். நான் எதுவுமே செய்யாமல் மயங்கிப் போனால்? அதற்கு ஏ.ஏ.டி. ஜெர்மனியில் ஹெல்முட் குளோத் 1991-இல் கொண்டுவந்த சைப்ரஸ் அந்த வகை. சுமார் 750 அடியிலும் ஆள் இன்னும் விழும் வேகத்திலேயே வந்துகொண்டிருந்தால், ரிசர்வைக் கட்டியிருக்கும் நூலை அதுவே வெட்டிவிடும். ரிசர்வை அமெரிக்க விதிப்படி 180 நாளுக்குள் ஒரு முறை பிரித்து மடித்து முத்திரை வைக்க வேண்டும். நான் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

இப்படிப்பட்ட ஒழுங்குக்காரன் அன்று சாயங்காலம் வீடு திரும்புகையில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கினேன். தரையில் வைத்ததும் சப்பென்று உட்கார்ந்தது. காற்றுப் பார்த்து இரண்டு வருடம் இருக்கும். ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வண்டியை நிறுத்திய ஒருவர் கால் பம்ப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பையில என்னங்க, இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க?"

"பாராசூட்."

"திறக்கலைன்னா?"

"இன்னொண்ணு இருக்குங்க. அதை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பிரிச்சுப் பார்ப்போம்."

அவர் ஸ்டெப்னியை ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பம்ப்பை மிதிக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

லாக் புக்கின் கடைசிப் பக்கத்தில் இப்போது இன்னொரு பட்டியல் இருக்கிறது. ஸ்டெப்னி, புகை அலாரத்தின் பேட்டரி, மாடி ஜன்னலின் தாழ்ப்பாள், கணினியில் இருப்பதன் நகல். எதிரே தேதி. ரிசர்வ் மடிக்கக் கொடுக்கும் நாளில் இவற்றையும் பார்த்துவிடுகிறேன். இதுவரை ஒரு சுற்றுதான் முடிந்திருக்கிறது, பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஜம்ப் 52-க்கும் 53-க்கும் நடுவில் எண் இல்லாமல் ஒரு வரி: 'விமானத்திலேயே இறங்கினேன்.' மேலே போனதும் கீழே மேகம் மூடிக்கொண்டது, விமானி எல்லோரையும் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். ஹெல்மெட்டும் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு விமானத்தோடு தரையிறங்குவது எனக்குக் குதிப்பதைவிடப் பயமாக இருந்தது, அது உண்மை. காலையிலிருந்து காத்திருந்த இளைஞர் ஒருவர் "இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். நானும் ஒரு காலத்தில் பிடிக்காத படத்தை 'காசு கொடுத்தாச்சே' என்று கடைசி வரை பார்த்தவன்தான். இப்போது இடைவேளையில் எழுந்து வந்துவிடுகிறேன்.

ஜம்ப் 61, போன வாரம். குறிவைத்த இடத்திலிருந்து பதினைந்து அடி தள்ளி, நின்றபடி இறங்கினேன். குறிப்பு: '190?'

கேள்விக்குறி ஏனென்றால், பயிற்றுநரே இந்தத் தடவை 190 சதுர அடிப் பாராசூட்டை முயன்று பார்க்கலாம் என்றார். ஒருவர் விற்கிறார். சிவப்பும் வெள்ளையுமாக எட்டுப் படம் அனுப்பியிருக்கிறார், ஒன்றில்கூடக் கயிறு தெரியவில்லை. பிரேக் கயிற்றைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி மூன்று நாள் ஆகிறது. இன்னும் பதில் இல்லை.