“இந்த ட்யூப்பையே கன்னுக்கும் போடலாமுங்களா?”

ஐப்பசி அடைமழைக் காலத்தில் எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வரும் கன்றுகள் பல, முகத்தில் சாம்பல் பூசியதுபோல இருக்கும். கண்ணைச் சுற்றி, காதடியில், கழுத்தில் காசளவு வட்டங்களாக முடி கொட்டி, மேலே வெள்ளைப் பொருக்கு தடித்து நிற்கும். படர்தாமரைதான். மழைக்குப் பயந்து தொழுவத்தில் நெருக்கிக் கட்டுகிறார்கள், வெயில் படுவதில்லை, ஒரு கன்றுக்கு வந்தால் பக்கத்துக் கன்றுக்கும் வந்துவிடுகிறது.

அந்த அக்கா ஓட்டிவந்த கிடாரிக்கும் அதே கதை. மழுங்கிய பிளேடால் பொருக்கின் ஓரத்தைச் சுரண்டினேன். ஒரு கொத்து முடியோடு பெயர்ந்து வந்தது. அடியில் தோல் ஈரமாகச் சிவந்திருந்தது. ஸ்லைடில் வைத்து 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, சாணம் பார்க்கிற மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்தேன். முடித்தண்டைச் சுற்றி மணி கோத்ததுபோல வித்துகள் வரிசையாக ஒட்டியிருந்தன. டிரைக்கோபைட்டான் வெருகோசம் என்ற பூஞ்சை மாட்டு முடியில் இப்படித்தான் குடியிருக்கும். சோப்புத் தண்ணீரில் பொருக்கை ஊறவைத்து எடுத்து எரித்துவிடுங்கள், அயோடின் தடவுங்கள், வெயிலில் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது அரிப்பு உண்டா என்றும் கேட்கவில்லை. வெளியே வரிசை நீளமாக இருந்தது. ஆனாலும் ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மூன்று வாரம் கழித்து, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஏழெட்டு வயதிருக்கும். கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விளையாடுகிற பிள்ளை. முழங்கைக்குக் கீழே உட்பக்கம் சிவந்து வீங்கி, சீழ் கோத்த ஒரு வட்டம். அக்கா முந்தானையில் முடிந்திருந்த ஒரு ட்யூப்பை எடுத்து நீட்டினார்.

“டாக்டரம்மா, எனக்கு இடுப்புல அரிப்புன்னு மெடிக்கல்ல குடுத்தாங்க. போட்டா ரெண்டே நாள்ல அடங்கிருதுங்க. பாப்பாவுக்கும் இதைத்தான் போடறேன். இந்த ட்யூப்பையே கன்னுக்கும் போடலாமுங்களா?”

வாங்கிப் படித்தேன். குளோபெட்டசால். வீரியமான ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும். ஆறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் தோலின் எதிர்ப்பு அடங்கிய இடத்தில் பூஞ்சை தாராளமாகப் பரவும். நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகத் திரும்பும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து கோடு கோடாக வெடித்துவிடும். அக்காவின் இடுப்பில், பாவாடை நாடா அழுந்தும் இடத்தில், அந்தக் கோடுகள் விழுந்திருந்தன. எவ்வளவு நாளாக, அக்கா? “பொங்கலுக்கு முன்னாடி இருந்துங்க.” கிட்டத்தட்ட ஒரு வருடம்.

மனிதருக்கு மருந்து எழுதுவது என் வேலை கிடையாது. அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அன்றைக்கே போகச் சொல்லி, கன்றுக்கு இருக்கும் நோயை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைக்குக் கன்றிடமிருந்து வந்திருக்கும் என்று நினைத்தேன். மாட்டுப் பூஞ்சை மனிதத் தோலில் ஏறினால் அப்படித்தான் வீங்கிச் சீழ் வைக்கும். அக்காவுடையது அப்படித் தெரியவில்லை. கணவருக்கும் தொடையிடுக்கில் இருந்தது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே துண்டு. நம் ஊரில் பெரியவர்களின் படர்தாமரை பெரும்பாலும் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதுதான். பாவம், பழி மாட்டின்மேல் விழுந்துவிடும்.

இந்த நோயின் வைத்தியம் மனிதருக்கும் விலங்குக்கும் சேர்ந்தே வளர்ந்தது. ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்து 1939-ல் பிரித்தெடுத்த கிரிசியோஃபுல்வின் என்ற மருந்து, 1958-ல் கினிப்பன்றிகளின் படர்தாமரையை ஆற்றிக் காட்டிய பிறகுதான் மனிதருக்கு மாத்திரையானது. இப்போது நிலைமை வேறு. படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரைக்கு மசியாத டிரைக்கோபைட்டான் இன்டோடினே என்ற பூஞ்சை வகைக்கு 2020-ல் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. கண்ட களிம்பைக் கண்டபடி போடுவதும் அது இப்படிப் பரவ ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த ட்யூப் கையில் இருந்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கன்று உரசிய கட்டுத்தறிக் குச்சியில் பொருக்கும் முடியும் ஒட்டியிருந்தன. அந்த வித்துகள் மாதக்கணக்கில் சாகாது. குச்சியைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றினோம். ஆளுக்கொரு துண்டு, துணியெல்லாம் வெந்நீரில் ஊறவைத்து நல்ல வெயிலில் காயவேண்டும் என்றேன். கன்றை வீட்டுக்குள் கட்ட வேண்டாம் என்றதும் பிள்ளை அழுதுவிட்டாள்.

தை மாதம் கன்றுக்குப் புதுமுடி வந்துவிட்டது. பிள்ளையின் கையும் ஆறிவிட்டது. அக்காதான் அரிப்பு நின்றதென்று இரண்டே வாரத்தில் மாத்திரையை விட்டுவிட்டார், மறுபடி வந்துவிட்டது. திரும்ப மருத்துவமனைக்குப் போய் இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார். நேற்று போன் செய்து கேட்டேன். இன்னும் பத்து நாள் மாத்திரை பாக்கி இருக்கிறதாம்.