வெம்ப்லி வரை ஒரே வழக்கு

லண்டன் பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தில் மெட்ரோபாலிடன் ரயிலில் ஏறிக் கம்பியைப் பிடிப்பதற்குள் நண்பன் ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான், எழுதி வச்சுக்கோ. பார்க்கரைத் தட்டிக் கழிக்கத்தான் உசிக் டுபுவாவைப் பிடிச்சிருக்கார்."

எங்களுக்கு எதிரே நீலமும் மஞ்சளுமாக உக்ரைன் கொடியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அந்த மூன்று பெயர்களும் வந்த வரிசையே போதுமாக இருந்தது. "பார்க்கரா? நாலு பெல்ட்டில் எது அவரிடம் இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்த இங்கிலாந்து சட்டை இளைஞன் ஏதோ சொல்ல, பின்னால் இருந்து ஒரு அம்மா அதை மறுக்க, ஃபின்ச்லி ரோடு வருவதற்குள் பெட்டி இரண்டு கட்சியாகிவிட்டது.

2025 ஜூலை 19, சனிக்கிழமை. உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கும் இங்கிலாந்தின் டேனியல் டுபுவாவும் வெம்ப்லி மைதானத்தில் குத்துச்சண்டையில் மோதும் நாள். டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்ற நான்கு அமைப்புகள் மிகக் கனத்த பிரிவான ஹெவிவெயிட்டில் தனித்தனியாகத் தரும் நான்கு உலக பெல்ட்டுகளும் அன்றிரவு ஒரே இடுப்புக்குப் போகவிருந்தன. இதைப் பார்ப்பதற்கென்றே இரண்டு நாள் பயணமாக லண்டன் வந்திருந்தேன்.

வழக்கு என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உசிக் டுபுவாவை ஏற்கெனவே ஒருமுறை தோற்கடித்தவர். 2023 ஆகஸ்டில் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃபில் நடந்த சண்டையில், ஐந்தாம் ரவுண்டில் டுபுவா விட்ட ஒரு குத்து இடுப்புக்குக் கீழே பட்டதா இல்லையா என்று பெரிய சர்ச்சை ஆனது. ஒன்பதாவது ரவுண்டில் உசிக் முடித்துவைத்தார். அப்படியிருக்க மறுபடி ஏன் அதே ஆள் என்பது ஒரு கட்சியின் கேள்வி. அந்தப் பக்கம் ஜோசப் பார்க்கர் காத்துக்கொண்டிருந்தார். நியூசிலாந்துக்காரர். 2023 டிசம்பரில் முன்னாள் உலக சாம்பியன் வைல்டரை வென்றார். 2024 மார்ச்சில் ஜாங் ஜிலெய்யிடம் இரண்டு முறை கீழே விழுந்தும் எழுந்து வென்றார். 2025 பிப்ரவரியில் அவர் மோத வேண்டியிருந்ததே டுபுவாவோடுதான். டுபுவாவுக்குக் கடைசி நேரத்தில் உடம்பு முடியாமல் போக, அவசரமாக வந்திறங்கிய மார்ட்டின் பகோலேயை இரண்டே ரவுண்டில் சாய்த்தார். சாம்பியனுக்கு அடுத்த இடத்தில் நிற்பவருக்கான டபிள்யூபிஓவின் இடைக்காலப் பட்டமும் அவரிடம் இருந்தது. இவ்வளவு செய்தவனை விட்டுவிட்டு, தோற்றவனோடு மறுபடி மோதலாமா?

நண்பனின் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவன் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. ஐபிஎஃப் பெல்ட் டுபுவாவிடம் இருந்ததே உசிக் விட்டுக்கொடுத்ததால்தான். 2024 மே மாதம் ரியாதில் பிரிட்டனின் டைசன் ஃப்யூரியை வென்று நான்கு பெல்ட்டையும் சேர்த்தவர், ஃப்யூரியோடு இரண்டாம் முறை மோத வேண்டும் என்பதற்காக ஜூனில் அதை விட்டார். அது டுபுவாவிடம் போனது. டுபுவா செப்டம்பரில் இதே வெம்ப்லியில் முன்னாள் சாம்பியன் ஜோஷுவாவை நான்கு முறை கீழே தள்ளி, ஐந்தாம் ரவுண்டில் நாக் அவுட் செய்தார். அப்புறம் உசிக் தன் பழைய பெல்ட்டைத் தேடி வராமல் என்ன செய்வார்?

வெம்ப்லிக்குக் கிளம்பும் முன் காலையில் ஊர் சுற்றியதைச் சொல்ல வேண்டும். முதலில் பெத்னல் கிரீன். அங்குள்ள யார்க் ஹால் 1929இல் திறந்த அரங்கம், பிரிட்டனில் குத்துச்சண்டைக்காரர்கள் பலர் முதல் படி ஏறிய இடம். பகல் நேரத்தில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. சிவப்புச் செங்கல் முகப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

கோவென்ட் கார்டனில்தான் கால் நின்றுவிட்டது. கிங் ஸ்ட்ரீட் 43ஆம் எண் கட்டடம். 1891இல் தொடங்கிய நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் பல ஆண்டுகள் இயங்கியது இங்கேதான். பிரிட்டிஷ் சாம்பியன்களுக்குத் தரும் லான்ஸ்டேல் பெல்ட் பிறந்த வீடு. கறுப்பரான ஜாக் ஜான்சன் 1908இல் சிட்னியில் ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்றபோது, இன்னொரு கறுப்பரான சாம் லாங்ஃபோர்டை அவரோடு இந்தக் கூரைக்கடியில் மோதவைக்க கிளப் விரும்பியது. ஜான்சன் வரவில்லை. லாங்ஃபோர்டை அவர் 1906இல் வென்றிருந்தார், அதுவும் லாங்ஃபோர்டு தன்னைவிட உயரத்திலும் எடையிலும் குறைந்தவராக இருந்தபோது. லாங்ஃபோர்டு வளர்ந்த பிறகு, 1915 வரை பட்டத்தை வைத்திருந்த ஜான்சன் அவருக்கு ஒரு வாய்ப்புகூடத் தரவில்லை. வெள்ளையர்கள் வருடக்கணக்காகத் தனக்குச் செய்த அதே வேலையை இன்னொரு கறுப்பருக்கு ஜான்சன் செய்தார் என்பதுதான் என் நெஞ்சை அடைக்கிறது. மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். லாங்ஃபோர்டு கடைசிவரை ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்கு மோதாமலேயே போனார், பிற்காலத்தில் பார்வையும் போனது.

சரி, வெம்ப்லிக்கு வருவோம். நிலையத்தில் இறங்கியும் ரயில் வழக்கு முடியவில்லை. ஒரு பப்பில் நிற்க இடம் கிடைத்தது. இங்கிலாந்து சட்டை இளைஞனும் கூடவே வந்துவிட்டான். அங்கே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பீர் தம்ளருக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டை ஒன்றைத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தார். அட்டையின் ஒரு ஓரம் நனைந்து ஊறியிருந்தது, அங்கே மை பரவியது. இடது பக்கம் பெயர், வலது பக்கம் ஊர்.

கிளோவாட்ஸ்கி, போலந்து. ஹுக், பெர்லின். பிரியெடிஸ், ரீகா. கசியெவ், மாஸ்கோ. பெல்லியூ, மான்செஸ்டர். இதெல்லாம் உசிக் ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான க்ரூசர்வெயிட்டில் இருந்த காலத்துப் பெயர்கள். அதற்குக் கீழே ஒரு கோடு. சிசோரா, லண்டன். ஜோஷுவா, லண்டன். ஃப்யூரி என்று எழுதி, ரியாத் என்று போட்டார். டுபுவாவோடு நடந்த முதல் சண்டைக்கு எதிரே மட்டும் ஒரு கேள்விக்குறி. வ்ரோத்ஸ்வாஃபில் கூடியிருந்தவர்களில் உக்ரைன்காரர்களே ஏராளம், அதை வெளியூர் என்று கணக்கில் எடுத்தால் நேர்மையாகாது என்றார். எனக்கு அந்தக் கேள்விக்குறி மிகவும் பிடித்துப்போனது.

"உலகப் பட்டத்துக்கான ஒரு சண்டையைக்கூட இந்த மனிதர் சொந்த நாட்டில் ஆடியதில்லை. எதிராளி வீட்டுக் கதவைத் தட்டிப் போனவரைப் பயந்தாங்கொள்ளி என்கிறீர்களே" என்றார் நண்பனைப் பார்த்து.

நண்பன் விடவில்லை. "அதெல்லாம் பழைய கதை சார். இன்னைக்கு நம்பர் ஒன் யாரு?"

பேச்சு பவுவிடம் போனதும் அப்போதுதான். 1992 டிசம்பரில் அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் ரிடிக் பவு லண்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால் டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். ரடக்கை இரண்டே ரவுண்டில் சாய்த்து, முறைப்படி அடுத்த இடத்தில் நின்றவர் லெனாக்ஸ் லூயிஸ். அவரோடு மோதாமல் இருக்கத்தான் இந்தக் காரியம். சொல்லும்போது பெரியவரின் முகம் சிவந்துவிட்டது, ஏதோ போன வாரம் நடந்ததுபோல. லூயிஸ் 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியிலேயே பவுவை வென்றவர் என்பதையும் விடாமல் சொன்னார். நண்பன் உடனே அதைப் பிடித்துக்கொண்டான்: "பாத்தீங்களா, உசிக்கும் 2024ல பெல்ட்டை விட்டார்ல?"

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். பெல்ட்டை விட்டது பெரிய விஷயமில்லை, விட்டுவிட்டு யாரோடு மோதினார்கள் என்று பாருங்கள் என்றேன். பவு அடுத்து மோதியது மைக்கேல் டோக்ஸ், ஜெஸ்ஸி ஃபெர்கூசன் இருவரோடும். ஒன்று முதல் ரவுண்டில் முடிந்தது, இன்னொன்று இரண்டாம் ரவுண்டில். உசிக் பெல்ட்டை விட்டுவிட்டு மோதியது ஃப்யூரியோடு, அதுவும் முதல் முறை இழுபறியாக வென்ற ஆளோடு. இரண்டும் ஒன்றாகுமா?

இந்த விஷயத்தில் எனக்கென்று ஓர் அளவுகோல் உண்டு, பல வருடம் சண்டைகளைப் பார்த்துப் பார்த்து வந்தது. ஒரு சாம்பியன் நல்ல ஆளைத் தேர்ந்தெடுத்தாரா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் நின்று பார்க்க வேண்டும். மணி அடித்து, ஆள் விழுந்த பிறகு பார்த்தால் விழுந்தவன் எல்லாருமே சப்பை ஆளாகத்தான் தெரிவான். 2022 டிசம்பரில் டாட்டன்ஹாமில் ஃப்யூரி மூன்றாம் முறையாக சிசோராவோடு மோதினார். ஏற்கெனவே இரண்டு முறை வென்ற ஆள். அந்தத் தேர்வு தப்பு என்று கையெழுத்துப் போட்ட அன்றே எல்லாருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு அதே ஃப்யூரி ங்கானுவோடு மோதினார். ங்கானு எம்எம்ஏ என்ற கலப்புச் சண்டையின் முன்னாள் சாம்பியன், தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுதான் அவருக்கு முதல் சண்டை. மூன்றாம் ரவுண்டில் ஃப்யூரியைக் கீழே தள்ளிவிட்டார். அதனால் அது நல்ல தேர்வாகிவிடுமா? ஆகாது. 1957இல் அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் ஃப்ளாய்ட் பேட்டர்சன், ஒலிம்பிக் முடித்து முதல் தொழில்முறைச் சண்டைக்கு வந்த ரேடமேக்கரோடு பட்டத்தைப் பணயம் வைத்தார். அவரும் இரண்டாம் ரவுண்டில் கீழே விழுந்து எழுந்துதான் ஜெயித்தார். அப்போதும் அது மோசமான தேர்வுதான். எல்லாரும் பயந்த லிஸ்டன் பக்கம் அவர் 1962 செப்டம்பரில்தான் வந்தார், முதல் ரவுண்டிலேயே தோற்றார்.

இதைச் சொன்னதும் பெரியவர் அட்டையை என் பக்கம் தள்ளி, "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ஒலிம்பிக் வேயில் நடந்தோம். இரண்டு பக்கமும் கொடிகள், தலைக்கு மேலே 133 மீட்டர் உயர வளைவு. மைதானத்துக்கு முன்னால் வெம்ப்லி அரினா. 2020 அக்டோபர் 31 அன்று உசிக் சிசோராவோடு மோதியது அதற்குள்தான். கொரோனா காலம், பார்வையாளர் யாருமில்லை. ஹெவிவெயிட்டில் இவன் எடுபட மாட்டான், சின்ன உடம்பு என்று பேசிய காலம். ஐந்து வருடத்துக்குள் பக்கத்து மைதானத்தில், 90,000 பேர் அமரும் இடத்தில், அதே மனிதர். அரினா சுவரைக் கடக்கும்போது நண்பனும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தினான்.

எங்கள் இருக்கை மேல் அடுக்கில். ரிங் தீப்பெட்டி அளவு தெரிந்தது. கையில் கொண்டுபோயிருந்த பைனாகுலரை உசிக்கின் காலில் வைத்தேன். இடது கைக்காரர் என்பதால் அவருடைய வலது கால் முன்னால் இருக்கும். அந்தக் கால் ஒவ்வொரு முறையும் டுபுவாவின் முன்காலுக்கு வெளிப்பக்கமாகப் போய் நின்றது. அந்த ஒரு கால் அளவு இடத்தைப் பிடித்துவிட்டால் இடது கை நேராக உள்ளே போகும். அவருக்கு 38 வயது, டுபுவாவுக்கு 27. வயதும் எடையும் டுபுவா பக்கம் இருந்தன, இடம் உசிக் பக்கம் இருந்தது. ஐந்தாம் ரவுண்டில் டுபுவா ஒருமுறை விழுந்து எழுந்தார். அடுத்து உசிக்கின் இடது கை தாடையில் இறங்கியபோது, நான் பைனாகுலரைக் கீழே இறக்கிவிட்டேன். இனி எழ மாட்டார் என்று அந்தத் தூரத்திலேயே தெரிந்தது. அந்த ரவுண்டின் 1 நிமிடம் 52ஆவது விநாடியில் சண்டை முடிந்தது.

ரிங்கில் நின்றபடியே அடுத்தது யார் என்று கேட்டார்கள். ஃப்யூரியாக இருக்கலாம், சிசோராவாக இருக்கலாம், ஜோஷுவாவாக இருக்கலாம், பார்க்கராக இருக்கலாம் என்று அடுக்கினார் உசிக். சிசோரா பெயர் வந்ததும் நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கும் வருத்தம்தான். நான்கு பெயரில் பார்க்கரை மட்டும்தான் அவர் இன்னும் சந்தித்ததில்லை.

திரும்பும்போது வெம்ப்லி பார்க் நிலையத்துக்கு வெளியே கூட்டத்தை நிறுத்தி நிறுத்தி விட்டார்கள். சற்று முன்னால் அந்த இங்கிலாந்து சட்டை இளைஞன். ரயிலில் வரும்போது, ஜோஷுவாவை நான்கு முறை தள்ளியவன் இவனையும் தள்ளுவான் என்று அடித்துச் சொன்னவன். இப்போது பக்கத்தில் இருந்தவரிடம், "டுபுவா எப்போதுமே இப்படித்தான், கஷ்டம் வந்தால் நிற்க மாட்டான். உசிக் நல்லா ஆளைப் பொறுக்கியிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் ஆறு மணிக்கு அபாயமானவராக இருந்த மனிதர், இரவு பதினொரு மணிக்கு எப்படி ஒன்றுமில்லாதவர் ஆவார்? விழுந்தது ஒருமுறை போதாதா அவருக்கு?

பார்க்கர் காத்திருக்கவில்லை. உசிக் காயம் என்று அவகாசம் கேட்க, அக்டோபர் 25 அன்று பிரிட்டனின் ஃபேபியோ வார்ட்லியோடு லண்டன் ஓ2 அரங்கில் மோதி, 11ஆம் ரவுண்டில் தோற்றார். உசிக் அப்புறம் டபிள்யூபிஓ பெல்ட்டை விட்டுவிட, அது வார்ட்லிக்குப் போனது.

பார்க்கர் தோற்ற மறுநாள் காலையில் நண்பன் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. "எல்லாரும் சிரிக்கிறாங்க மச்சான். பார்க்கர் அவ்வளவுதான்னு சொல்றாங்க. நான்தான் தப்பா பேசிட்டேனோ?"

"இல்லடா. ஜூலையில் நீ சொன்னது சரி. அன்னைக்கு அவருக்குத்தான் அந்த வாய்ப்பு சேரணும். நேத்து தோத்ததால அது மாறாது" என்றேன்.

கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தான். பிறகு, "அப்போ அந்த அட்டையில பார்க்கர் பேரை எழுதிடு" என்றான். மோதாத ஆளை எப்படி எழுதுவது என்றேன். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். முக்கால் மணி நேரம் பேசினோம்.