மஹாலிலிருந்து மாசி வீதி வரை: மதுரையில் ஒரு நடை

மதுரைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மீனாட்சி அம்மன் கோயிலில் தரிசனம் முடித்து, ஓர் ஆட்டோ பிடித்து திருமலை நாயக்கர் மஹாலைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறார்கள். கோயிலுக்கும் மஹாலுக்கும் நடுவில் ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது. மதுரையின் கதையில் பாதி அந்த ஒன்றரை கிலோமீட்டருக்குள் கிடக்கிறது. எனக்கு நேரம் கிடைக்கும்போதெல்லாம் மஹாலில் தொடங்கிக் கோயில் பக்கமாக நடப்பேன். இந்த முறை மேலமாசி வீதி வரைக்கும் போனேன்.

மஹாலுக்குக் காலையில், கதவு திறந்ததும் போய்விடுவது நல்லது. பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் வந்துவிட்டால் சொர்க்க விலாசம் என்கிற அரசவைக் கூடத்தில் எதிரொலிதான் கேட்கும். நுழைந்ததும் பெரிய திறந்த முற்றம். மூன்று பக்கமும் தூண் வரிசை, எதிரே சிம்மாசன மேடை, அதன் மேலே குவிமாடம். ஒரு தூணை இரண்டு பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கப் பார்த்தாலும் கை எட்டாது. நிமிர்ந்து பார்த்தால் தூணுக்கும் தூணுக்கும் நடுவே வளைவுகள், அவற்றின் மேல் சுதை வேலைப்பாடு, யாளிகள். குவிமாடத்தைத் தாங்க இரும்போ மர உத்தரமோ கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஒன்றை ஒன்று அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

அரண்மனை 1636-இல் எழுந்தது. இன்று நாம் பார்ப்பது அதில் ஏறக்குறைய கால் பங்குதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, இங்கிருந்து பல பகுதிகளைப் பிரித்து எடுத்துப் போனார். அங்கே நினைத்தபடி ஓர் அரண்மனை எழவும் இல்லை, இங்கே இருந்ததும் போயிற்று. அதன் பிறகு மழையும் வெயிலும் தின்றது போக எஞ்சியதை, சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை பழுதுபார்க்க வைத்தார். அப்புறம் பல காலம் மாவட்ட நீதிமன்றம் இதற்குள்ளேயே நடந்தது. அரசவை கூடிய இடத்தில் வாய்தா வாங்கியிருக்கிறார்கள். கட்டடம் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆள் புழங்காத அரண்மனை நம் ஊரில் எத்தனை நாள் நிற்கும்?

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கை எட்டும் உயரம் வரை தூண்களில் பெயர் கிறுக்கியிருக்கிறார்கள். சாவியால், ஆணியால், அம்புக்குறி போட்ட இதயத்தோடு. வெள்ளையடித்த பிறகும் கீறல் ஆழமாகத் தெரிகிறது. அந்தச் சாந்துப் பூச்சின் வழவழப்பை எட்டாத உயரத்தில்தான் இப்போது பார்க்க முடிகிறது. இதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

மஹாலை விட்டு வெளியே வந்தால் சுற்றிலும் சௌராஷ்டிரர்கள் வாழும் தெருக்கள். அரண்மனைக்குப் பட்டு நெய்ய திருமலை நாயக்கர் காலத்தில் இங்கே குடியமர்ந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. காலை நேரத்தில் திண்ணைப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால், குஜராத்திக்கு உறவான அந்த மொழியில் தமிழும் தெலுங்கும் கலந்து ஓடும். சுங்குடிச் சேலை இவர்கள் கை வேலை. துணியை விரல் நுனியில் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுத்து, காய்ந்த பிறகு இழுத்தால் முடிச்செல்லாம் பட்பட்டென்று அவிழ்ந்து புள்ளி புள்ளியாக வெள்ளை தெரியும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. இப்போது கடையில் கிடைப்பதில் நிறைய அச்சடித்த புள்ளிதான். கையால் முடிந்த சேலை வேண்டுமென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். முடிச்சு பிரிக்காமலே விற்பார்கள், அதுதான் அடையாளம்.

அப்படியே விளக்குத்தூண் பக்கம் நடந்தால் பத்துத்தூண் சந்து. பேரைக் கேட்டுத் தேடுகிறவர்கள் முதலில் திணறிப்போவார்கள். கண்ணில் படுவது துணிக்கடைகள், தொங்கும் நைட்டிகள், தரையோடு தரையாக மூட்டை இறக்கும் ஆட்கள். என்னோடு வந்த நண்பர் ஒரு கடைப் பையனிடம், "தம்பி, பத்துத்தூண் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். அவன் மூட்டையிலிருந்து கையை எடுக்காமலே, "அண்ணே, மேல பாருங்கண்ணே" என்றான். கடைக் கூரைகளுக்கு மேலே, மின்கம்பிகளையும் தாண்டி, வரிசையாகக் கல் தூண்கள். அடிப்பாகத்தை ஒட்டிப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். ஒரு தூணின் ஓரத்தில் குங்குமம், காய்ந்த பூ.

இவை அரண்மனையின் இன்னொரு பகுதியான ரங்க விலாசத்தைச் சேர்ந்தவை என்கிறார்கள். மஹாலில் சீட்டு வாங்கிப் பார்த்த அதே அரண்மனைதான் இங்கே சந்துக்குள்ளும் நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் இத்தனை வீடும் கடையும் வந்துவிட்டன. அரண்மனை எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதை மஹாலில் நின்று உணர முடியாது. அங்கிருந்து இந்தச் சந்து வரை நடந்து, காலால் அளந்தால்தான் புரியும். பக்கத்தில் நவபத்கானா தெரு என்று ஒன்று உண்டு. அரண்மனை முரசும் மேளமும் முழங்கிய இடம். கட்டடம் போய்விட்டது, பெயர் நிற்கிறது.

விளக்குத்தூண் என்றால் மதுரைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜிகர்தண்டா. அதில் தப்பில்லை. பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். மதுரை வெயிலுக்கு அதை அடிக்க வேறொன்றும் கிடையாது. ஆனால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சந்திப்பில் நிற்கும் அந்த இரும்புத் தூணையும் ஒரு நிமிடம் பாருங்கள். கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக நிறுத்திய விளக்கு அது.

அவர் செய்த காரியம் பெரியது. மதுரையைச் சுற்றி அன்று கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. உள்ளே ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது, அகழித் தண்ணீர் தேங்கி நாறியது. 1840-களையொட்டி அவர் மதிலை இடிக்க வைத்தார். இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவித்ததால் வேலை வேகமாக நடந்தது. அப்படிக் கிடைத்த நிலத்தில் வந்தவைதான் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் மாரட் வீதிகளும். மேஸ்திரி இடிப்பு வேலையை மேற்பார்த்தவர், மாரட் நிலத்தை அளந்த சர்வேயர். அதற்கு வெளியே வெளி வீதிகள். கோட்டைக்கு வெளியே என்பதுதான் அந்தப் பெயர்.

இது தெரிந்துவிட்டால் மதுரையில் வழி தவறவே தவறாது. நடுவில் கோயில், அதற்குள் ஆடி வீதி. வெளியே வர வர சித்திரை, ஆவணி மூலம், மாசி, அப்புறம் மேஸ்திரியும் மாரட்டும், கடைசியில் வெளி வீதி. திருவிழா மாதங்களின் பெயரில் உள்வட்டங்கள், இரண்டு உத்தியோகஸ்தர்களின் பெயரில் ஒரு வட்டம். வடக்கு, தெற்கு, கீழ், மேல் என்று திசையை முன்னால் சேர்த்துவிட்டால் முகவரி தயார். மாசி வீதிகள் தேரோடும் வீதிகள். மாசியில் நடந்த தேர்த் திருவிழாவை திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்தார் என்பார்கள். தேர் சித்திரைக்குப் போய்விட்டது, வீதி இன்றும் மாசிதான்.

கீழமாசி வீதியில் மொத்த வியாபார மளிகைக் கடைகள். மிளகாய் நெடியில் தும்மாமல் அந்த வீதியைக் கடந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அங்கிருந்து எழுகடல் தெருவுக்குள் திரும்பினால் ராயகோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்டது. அடித்தளம் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் அதன் அகலம் கோயிலின் மிக உயர்ந்த தெற்குக் கோபுரத்தின் அடித்தளத்தையும் மிஞ்சும். வாசல் நிலைக்கால்கள் ஒவ்வொன்றும் ஒரே கல், ஐம்பதடிக்கு மேல் உயரம். அதில் கொடி சுற்றிச் சுற்றி மேலேறும் வேலைப்பாட்டைப் பாத்திரக் கடைகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். எவர்சில்வர் குடமும் பித்தளைக் குத்துவிளக்கும் தொங்கும் கடையின் பின்சுவர் நானூறு வருடத்துச் சிற்பமாக இருக்கும் ஊர் இது. நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன். முடிந்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று கணக்குப் போடாமல் அங்கிருந்து நகர முடியாது.

எதிரே புது மண்டபம். வசந்த விழாவுக்காகக் கட்டியது. உள்ளே நாயக்க மன்னர்களின் சிலைகள், திருமலை நாயக்கர் கைகூப்பி தேவியருடன் நிற்கிறார். என் சின்ன வயதில் இதற்குள் தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடும். சாமி வேஷத் துணி, பள்ளிப் புத்தகம், வளையல், குங்குமம் எல்லாம் இங்கேதான். மண்டபத்தைச் சீரமைப்பதற்காகச் சில வருடங்களுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிலைகளுக்கு அது நல்லது, சந்தேகமே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியும் இல்லாமல் அவை மூச்சு விடட்டும். தலைமுறை தலைமுறையாக அங்கே தைத்தவர்களுக்குப் பழைய வியாபாரம் புது இடத்திலும் நடக்க வேண்டும், அதுவும் அவ்வளவே முக்கியம்.

சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது, நிம்மதியாக நடக்கலாம். கிழக்குக் கோபுரம்தான் நான்கிலும் பழையது, பாண்டியர் காலத்தது. தெற்குக் கோபுரத்தின் கோடு மெல்ல உள்வளைந்து ஏறுவதைத் தெற்குச் சித்திரை வீதியில் சற்றுத் தள்ளி நின்றால் நன்றாகப் பார்க்கலாம். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே வந்து, மேலமாசி வீதியை அடைந்தேன். அங்கே ஒரு கதர்க் கடை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைமுழத் துண்டுக்கு மாறியது இந்தக் கட்டடத்தின் மாடியில்தான். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதைக் கேட்டு அந்த முடிவுக்கு வந்தார். மறுபடி அவர் உடையை மாற்றவே இல்லை. பத்து ஆண்டு கழித்து லண்டன் அரண்மனைக்கும் அந்த உடையில்தான் போனார். கீழே கடையில் ஒரு கதர்த் துண்டு வாங்கினேன். வாங்காமல் வர மனம் ஒப்பவில்லை.

மஹாலில் தொடங்கி இங்கே வர, நின்று பார்ப்பதையும் சேர்த்து, அரை நாள் போதும். வெயில் காலமென்றால் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். தெம்பு இருந்தால் இன்னும் கொஞ்சம் மேற்கே, பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால், பிளாக்பர்ன் காலத்து இடிப்பில் தப்பிய கோட்டைக் கொத்தளம் ஒன்று போக்குவரத்துக்கு நடுவே நிற்கிறது. பஸ் ஏறுவதற்கு முன் அதையும் பார்த்துவிடுங்கள்.