அந்த 0 வேண்டாம்: அலுவலக பிராக்ஸிக்குள் ஈத்தர்ஸ் ஓட வைத்த கதை

எத்தீரியம் என்ற கிரிப்டோ பிளாக்செயினில் உள்ள முகவரிகளின் (அதாவது கணக்குகளின்) பண இருப்பை ஒரு ஏபிஐயிடம் (நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் இணையச் சேவை) கேட்டு எங்கள் சர்வரில் சேமிக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். எத்தீரியத்தோடு பேச உதவும் ஈத்தர்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் 6ஆம் பதிப்பைப் போட்டேன், ஏபிஐ கீ (நாம் யார் என்று காட்டும் ரகசியக் குறியீடு) வாங்கினேன், வீட்டு இணைப்பில் உடனே ஓடியது. மொரீஷியஸின் எபென் சைபர்சிட்டியில் இருக்கும் அலுவலகத்துக்கு வந்து ஓட்டினால், எதிர்முனை யார் என்று உறுதி செய்யும் சான்றிதழ்ச் சங்கிலியில் தானே கையெழுத்திட்ட சான்றிதழ் இருக்கிறது என்று சொல்லி, ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட் (நோட்.ஜேஎஸ்) நின்றுவிட்டது. ஏபிஐயின் அதே இணைய முகவரி குரோமில் ஒழுங்காகத் திறந்தது.

நெட்வொர்க் பிரிவுக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில்: டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ் இணைப்பைப் பாதுகாக்கும் முறை) சரிபார்ப்புக்கான சூழல் மாறிக்கு (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) 0 கொடுங்கள், ஓடிவிடும்.

ஓடும்தான். ஆனால் அந்த 0 இந்த ஒரு ஏபிஐக்கு மட்டும் இல்லை, அந்த நிரல் செய்யும் எல்லா எச்டிடிபிஎஸ் இணைப்புக்கும் சரிபார்ப்பை அணைத்துவிடும். நடுவில் யார் உட்கார்ந்தாலும் நம் கீயைப் படிக்கலாம், பொய்யான இருப்பைத் திருப்பி அனுப்பலாம். நோட்டே அதைப் பார்த்ததும் எச்சரிக்கை போடுகிறது. பணக் கணக்கு பார்க்கும் நிரலுக்கு இப்படி ஒரு யோசனை சொன்னார்களே என்று இன்னும் ஆறவில்லை.

காரணம் இதுதான். அலுவலக பிராக்ஸி (இணைய இணைப்புகள் கடந்து போகும் இடைச் சர்வர்) எல்லா இணைப்பையும் பிரித்துப் பார்த்து, தன் சான்றிதழைப் போட்டு உள்ளே அனுப்புகிறது. அதை நம்ப அடிப்படையான பிராக்ஸியின் மூலச் சான்றிதழ் விண்டோஸில் ஏற்கெனவே இருப்பதால் குரோம் ஏற்றுக்கொள்கிறது. நோட் வழக்கமாகத் தன்னோடு வரும், மொசில்லா தொகுத்த மூலச் சான்றிதழ்ப் பட்டியலை மட்டுமே பார்க்கும்.

சரி, அந்த மூலச் சான்றிதழைக் கொடுங்கள் என்று நெட்வொர்க் பிரிவிடம் கேட்டேன். மறுநாள் தைப்பூசக் காவடி, மொரீஷியஸில் பொது விடுமுறை. அதற்கு அப்புறம் வந்த பதில், பாதுகாப்பு காரணங்களால் தர இயலாது. ஒவ்வொரு கணினியிலும் கிடக்கும் பொதுச் சான்றிதழ் அது, ரகசியக் கீ இல்லை! பக்கத்து இருக்கை அண்ணன் எட்டிப் பார்த்து, "தம்பி, அவங்ககிட்ட ஏன் கெஞ்சுற? உன் விண்டோஸ்லயே இருக்கு, எடுத்துக்க" என்றார்.

விண்டோஸின் சான்றிதழ் மேலாளரிலிருந்து அதை ஏற்றுமதி செய்யும்போது கவனமாக இருங்கள். விண்டோஸ் முதலில் காட்டும் வடிவம் டிஇஆர் (பைனரி), நோட்டுக்கு அது ஆகாது. எழுத்து வடிவமான பேஸ்-64 என்பதைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேடில் திறந்தால் முதல் வரியில் ஐந்து கோடுகளுக்கு நடுவே 'பிகின் சர்டிபிகேட்' என்று தெரிய வேண்டும். கட்டம் கட்டமாகக் குப்பை தெரிந்தால் அது டிஇஆர்.

அந்தக் கோப்பின் பாதையை நோட்டின் 'எக்ஸ்ட்ரா சிஏ செர்ட்ஸ்' சூழல் மாறியில் கொடுத்தேன். முதல் ஓட்டத்திலேயே இருப்பு வந்து விழுந்தது. அப்படி ஒரு நிம்மதி! ஒன்று மட்டும்: நோட் தொடங்கும்போதுதான் இந்த மாறியைப் படிக்கும். நிரலுக்குள் எழுதிப் பயனில்லை, டாட் என்வ் கோப்பை (சூழல் மாறிகளை எழுதி வைக்கும் கோப்பு) நிரலே படிக்கிறது என்றால் அதிலும் பயனில்லை. நிரலைத் தனிப் பெட்டிக்குள் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரில் ஓட்டினால், சான்றிதழ்க் கோப்பையும் மாறியையும் கன்டெய்னருக்குள் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஏபிஐ கீ விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குத் தரப்பட்ட மாதிரி நிரலில் கீ ஏபிஐயின் இணைய முகவரியின் வாலிலேயே ஒட்டியிருந்தது. பிழை வந்து அந்த முகவரி லாக்கில் (நிரலின் பதிவுக் கோப்பு) பதிவானால் கீயும் அங்கே போய் உட்காரும். உங்கள் ஏபிஐ ஹெடரில் (கோரிக்கையோடு தனியாகப் போகும் குறிப்பு) கீயை ஏற்குமா என்று பாருங்கள். ஏற்றால், ஈத்தர்ஸின் ஃபெட்ச்ரிக்வெஸ்ட் பொருளில் செட்ஹெடர் வைத்து, அந்தப் பொருளையே ஜேசன்ஆர்பிசிப்ரொவைடருக்குக் கொடுத்தால் போதும். வேகக் கட்டுப்பாட்டில் 429 (கோரிக்கைகள் அதிகம் என்ற பிழை) வந்தால் ஈத்தர்ஸே இடைவெளி விட்டு மறுபடி முயல்கிறது. கீயை பிரவுசரில் ஓடும் ரியாக்ட் நிரலின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பிரவுசருக்குப் போன கீயை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இருப்பு வெய் (ஈத்தரின் மிகச் சிறிய அலகு) கணக்கில் பிக்இன்ட் (பெரிய முழு எண்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் வகை) ஆக வரும். 1 ஈத்தர் என்பது 10-இன் 18ஆம் அடுக்கு வெய், சாதாரண நம்பராக மாற்றினால் கடைசி இலக்கங்கள் பிசகும். ஜேசன் என்ற தகவல் வடிவமாக்கும் முன் சரமாக (எழுத்துத் தொடர்) மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஜேசனாக்கும் ஸ்ட்ரிங்கிஃபை அங்கேயே பிழை காட்டி நிற்கும்.

அப்புறம் உங்கள் பழைய ஸ்கிரிப்டுகளில் அந்த 0 எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எங்கள் டாக்கர் கோப்பு ஒன்றில் யாரோ எப்போதோ போட்டு வைத்திருந்தார்கள், எடுத்துவிட்டேன்.